கோயில் சோறு தின்ற மாட்டுக்கு ஆப்ப சோடாவா, மோரா?

கேள்வி: கொருக்குப்பேட்டைல ரெண்டு கறவை மாடு வெச்சிருக்கேன். ஆடிக் கூழ் ஊத்துன அன்னிக்கு கோயில்ல மிஞ்சின சோத்தை ஒரு மாட்டுக்கு நிறைய வெச்சுட்டேன். கெட்டுப்போன சோறு இல்ல, சூடாதான் இருந்தது. மறுநாள்லேர்ந்து அசை போடல, சாணி தண்ணியா புளிச்ச வாடையோட போகுது. பக்கத்து வீட்டு அண்ணன் ஆப்ப சோடா கரைச்சு ஊத்தச் சொல்றாரு. மாமியார் மோர்ல எலுமிச்சம்பழம் புழியச் சொல்றாங்க. எது சரி?

பதில்: மோரும் எலுமிச்சையும் வேண்டாம்மா, இரண்டுமே அமிலம். அண்ணன் சொன்னதுதான் சரி. ஆனால் அது முதலுதவி மட்டுமே. மாட்டு டாக்டரை இப்போதே கூப்பிடுங்கள்.

சோறு புளித்திருக்க வேண்டியதில்லை. புளிப்பு மாட்டின் வயிற்றுக்குள் உண்டாகிறது. வைக்கோலை மெதுவாகச் செரிக்கும் இடத்தில் மாவுச்சத்து மொத்தமாக இறங்கினால், நுண்ணுயிர்கள் அதை மளமளவென லாக்டிக் அமிலமாக்கிவிடும். தீவனம் முதலில் போய்ச் சேரும் அசைவயிற்றின் பிஎச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) சாதாரணமாக 6-லிருந்து 7 வரை இருக்கும். இந்த நோயில் 5-க்கும் கீழே போகும். பிஎச் ஒன்று குறைந்தால் அமிலம் 10 மடங்கு கூடியதாகக் கணக்கு. 6.5 என்பது 4.5 ஆனால் 100 மடங்கு! இதைச் சமாளிக்கும் சோடா மாட்டின் எச்சிலிலேயே இருக்கிறது, நாளுக்கு 100 லிட்டருக்கு மேல் ஊறும். ஆனால் அசை போட்டால்தான் அது நன்றாக ஊறும். சோற்றில் மெல்ல என்ன இருக்கிறது?

பெரிய மாட்டுக்கு 100 கிராம் ஆப்ப சோடாவை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். கொதிநீர் கூடாது, கொதித்தால் வாயு பிரிந்து சலவை சோடாவாக மாற ஆரம்பிக்கும், அது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். மாடு நின்றுகொண்டிருந்தால் மட்டும், தலையை அதிகம் தூக்காமல், நாக்கைப் பிடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

சோடா அமிலத்தோடு சேரும்போது கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். அது ஏப்பமாக வெளியே வர வேண்டும். இடப்பக்க வயிறு ஏற்கெனவே உப்பி, தட்டினால் மத்தளம் மாதிரி ஒலித்தால் சோடாவைத் தொடவே வேண்டாம்.

பள்ளிக்கூடப் பிள்ளையிடம் லிட்மஸ் தாள் கிடைத்தால் மூத்திரத்தில் நனைத்துப் பாருங்கள். நல்ல மாட்டுக்குச் சிவப்புத் தாள் நீலமாகும். நீலத் தாள் சிவந்தால் அமிலம் ரத்தம்வரை போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். ஊசி வழியே மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். கண் குழி விழுந்தாலும், மாடு தள்ளாடினாலும் காத்திருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி பிடியுங்கள்.

டாக்டர் பார்க்கும்வரை தீவனத்தில் வைக்கோல் மட்டும், தவிடு கூடக் கூடாது.