விந்தணு டெஸ்ட்டை மறுபடி எடுக்க ஏன் மூன்று மாதம்?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வெள்ளி உருக்குகிறேன், எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட், மறு டெஸ்ட்டுக்கு ஏன் மூன்று மாதம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விந்தணு நிதானமாகத்தான் உருவாகிறது. அதற்கு எத்தனை நாள் என்ற கணக்கைச் சொன்னவர்கள் ஹெல்லர், க்ளெர்மாண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், 1960-களில். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த க்ளெர்மாண்ட் செய்தது அசாத்தியப் பொறுமை கேட்கும் வேலை: மெல்லிய திசுச் சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, எந்த செல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். விரையில் இருக்கும் மூல செல் பிரிந்து, வால் முளைத்து விந்தணுவாகச் சுமார் 74 நாள். அப்புறம் விரைமேல் நாளத்தில், அதாவது விரையை ஒட்டியிருக்கும் சுருள் குழாயில், முதிர்ந்து வெளிவரச் சில நாட்கள். இரண்டும் சேர்ந்துதான் ஏறக்குறைய மூன்று மாதம்.

விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உலைச் சூடோ காய்ச்சலோ இன்று தாக்கினால், அது ரிப்போர்ட்டில் தெரியவே வாரக்கணக்காகும், தேறுவதும் அப்படித்தான். மறு டெஸ்ட் வரை உலைப்பக்கம் உட்காராத வேலையாகக் கேட்டுப் பாருங்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.