அழித்தும் குறையாத இன்பாக்ஸ்

அன்புள்ள ஐயா,

மெயில் எல்லாம் தண்டர்பேர்ட் மென்பொருளில்தான் பார்ப்பதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். நானும் ஒன்பது வருடமாக அதில்தான். லேப்டாப்பில் இடமில்லை என்று வர ஆரம்பித்ததால், போன வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து ஏழாயிரம் மெயில்களை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். போய்ப் பார்த்தால் அதே 14 ஜிபி! “அதைத் தூக்கிப் போட்டுவிட்டு பிரவுசரிலேயே பாருங்கப்பா” என்கிறான் மகன். என்ன செய்யலாம்?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர.,

தப்பு உங்கள் மேல் இல்லை. ஒரு ஃபோல்டரில் இருக்கும் அத்தனை மெயிலையும் தண்டர்பேர்ட் ஒரே கோப்பில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கிறது, மளிகைக்கடைப் பேரேடு மாதிரி. 2004 டிசம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்த நாளிலிருந்து இதே வழக்கம்தான். நீங்கள் ஒரு மெயிலை அழித்தால் அந்த வரிமேல் கோடு போடுகிறது, அவ்வளவுதான். நடுவிலிருந்து ஒன்றை உருவ வேண்டுமென்றால் கோப்பு முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதைச் செய்தால் நீங்கள் ஒரு மெயிலை அழித்துவிட்டுக் காபி குடித்து வரலாம்.

அந்த வேலையை மொத்தமாகச் செய்வதற்குத்தான் ‘காம்பேக்ட்’. இன்பாக்ஸ் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும். கோடு போட்டதை விட்டுவிட்டு மீதியைப் புதுக் கோப்பில் எழுதும், பிறகு பழையதை நீக்கும். புதுக் கோப்புக்கு டிஸ்க்கில் இடம் வேண்டும், உங்களிடம் அதுதானே இல்லை! நாலு வீடியோவைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பாதியில் லேப்டாப்பை மூடிவிடாதீர்கள்.

அந்தக் கோப்பை நேரில் பார்க்க வேண்டுமா? ஹெல்ப் மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங்’ என்று இருக்கும் இடத்துக்குப் போனால், உங்கள் மெயில்களும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கலாம். உள்ளே தேடிப் போனால் இன்பாக்ஸ் என்று ஒரு பெரிய கோப்பு, பக்கத்தில் அதே பெயரோடு ‘எம்எஸ்எஃப்’ என்று முடியும் சின்னக் கோப்பு. சின்னது வெறும் அட்டவணை. போனாலும் தானே உருவாகிக்கொள்ளும். பெரியதில் கை வைக்காதீர்கள். ஒரு சிறிய ஃபோல்டரின் நகலை நோட்பேடில் திறந்து பார்த்திருக்கிறேன். ஆங்கில மெயில்களைப் பெரும்பாலும் அப்படியே படிக்க முடிந்தது. தமிழ்த் தலைப்புகள் மட்டும் சமக்குறியும் கேள்விக்குறியும் ஆங்கில எழுத்தும் கலந்த கூழ். கெட்டுப்போகவில்லை, மெயில் ஆங்கில எழுத்தை மட்டுமே சுமந்த காலத்தில் மற்ற மொழிகளை மூட்டை கட்டி அனுப்பச் செய்த ஏற்பாடு இன்னும் தொடர்கிறது.

எல்லாம் ஒரே கோப்பில் இருப்பதில் ஒரு வம்பும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒருநாள் காலையில் என் இன்பாக்ஸ் காலியாக இருந்தது. யாரோ அனுப்பிய இணைப்பு ஒன்றில் ஆன்டிவைரஸுக்கு வைரஸ் தட்டுப்பட்டிருக்கிறது. அதற்குத் தனித்தனி மெயில் என்று தெரியுமா? கோப்புதான் தெரியும். மொத்த இன்பாக்ஸையும் தூக்கித் தனிமையில் அடைத்துவிட்டது! மீட்டுவிட்டேன், ஆனாலும் அந்த அரை மணி நேரம் எனக்குக் கை ஓடவில்லை. அன்றே ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து புரொஃபைல் ஃபோல்டருக்கு விலக்கு கொடுத்தேன்.

அப்புறம் இன்பாக்ஸைச் சின்னதாக வைக்கப் பழகினேன். மெயில்களைத் தேர்ந்தெடுத்து ‘ஏ’ விசையைத் தட்டினால் 2019 மெயில் 2019 என்ற ஃபோல்டருக்கும், 2020 அதனதற்கும் தானே போய்விடும். வருடத்துக்கு ஒரு கோப்பு. சுருக்குவதும் நொடியில் முடிகிறது, ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். உங்களுடையது ஐமேப் கணக்கு (மெயில்கள் சர்வரில் இருக்க, லேப்டாப்பிலும் போனிலும் அவற்றையே பார்க்கும் வகை) என்றால், எதையும் லேப்டாப்பில் மட்டும் இருக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பக்கம் நகர்த்தும்போது கவனம்: சர்வரிலிருந்து போய்விடும், அப்புறம் அதைப் போனில் தேடிப் பயனில்லை.

உங்கள் மகன் சொல்வது புதிதாக ஆரம்பிக்கிறவருக்குச் சரி. ஒன்பது வருடக் கடிதங்கள் உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கின்றன, நெட் இல்லாவிட்டாலும் திறக்கின்றன. ஒரு ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், கே மூன்றையும் சேர்த்துத் தட்டிப் பெயரை அடித்தால் அதில் உள்ளவை வந்து நிற்கின்றன. நானாக இருந்தால் விடமாட்டேன். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். காம்பேக்டைத் தொடுவதற்கு முன்பே.