பூல் (pool) பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் முன்னேற முடியவில்லை, என்ன செய்யலாம்?

ஒரு வருஷமாக அதே நாலு நண்பர்களோடு ஆடுகிறேன், பாதி ஆட்டம் ஜெயிக்கிறேன், ஆனாலும் ஆட்டம் அப்படியே நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் பக்கம் பூல் டேபிளுக்கு வருகிற பெரும்பாலானவர்கள் கேரம் ஆடிப் பழகியவர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் போர்டைப் போட்டுக்கொண்டு கோடை லீவு முழுக்க ஆடியிருப்போம். அதனால் வெட்டி அடிக்கிற கோணம் யாரும் சொல்லித்தராமலே வந்துவிடும். ஆனால் கேரத்தில் ஸ்ட்ரைக்கர் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நம் கைக்கே வரும், கோட்டில் தோதான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பூலில், நாம் கியூ கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை.

தேவகோட்டையிலிருந்து வரும் ஓர் அண்ணன் என்னை வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்தார். அவர் அடித்ததில் கஷ்டமான அடி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரு முழத் தூரத்தில், நேருக்கு நேர். எப்படிண்ணே என்று கேட்டேன். "தம்பி, நீங்க பாக்கெட்டையே பாக்குறீங்க. வெள்ளை எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் இருபது நிமிஷம் தனியாக ஒரே அடி. வெள்ளையையும் இன்னொரு பந்தையும் பாக்கெட்டுக்கு நேராக, ஒரு முழ இடைவெளியில் வைப்பேன். வெள்ளையின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்தால், மோதிய இடத்திலேயே ஆணி அடித்தாற்போல் நிற்கும். மேலே அடித்தால் தொடர்ந்து போகும், நன்றாகக் கீழே அடித்தால் திரும்பி வரும். இடைவெளி கூடக்கூட துணியில் உராய்ந்து பின்சுழற்சி கரைந்துவிடும். அப்போது இன்னும் கீழே, இல்லாவிட்டால் இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். இது கைக்கு வந்தபின் கோணத்துக்குப் போங்கள். சுழலாமல் சறுக்கி வந்து மோதுகிற வெள்ளை, அடிபட்ட பந்தின் பாதைக்குச் செங்குத்தாக விலகும். உருண்டு வந்து பாதிப் பந்தில் மோதினால் (அதாவது வெள்ளையின் நடு மற்றப் பந்தின் ஓரத்தை நோக்கி வந்தால்), வந்த திசையிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரிதான் விலகும். இது தெரிந்தால் வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று அடிக்கும் முன்பே சொல்லிவிடலாம்.

ஆள் கிடைக்காத நாளில் கோஸ்ட், அதாவது கற்பனை எதிராளியோடு ஆடுங்கள். மூன்று பந்துகளைப் பரப்பி, வெள்ளையை உங்களுக்குப் பிடித்த இடத்தில் வைத்துத் தொடங்குங்கள். மூன்றையும் வரிசையாகப் போட்டால் உங்களுக்குப் புள்ளி, ஒன்று தவறினாலும் கோஸ்ட்டுக்கு. ஏழு வரை ஓட்டுங்கள். ஜெயித்துவிட்டால் மறுநாள் நாலு பந்து. இந்த எதிராளி தவறவே மாட்டான், சாக்குச் சொல்ல வழியே கிடையாது.

எதிராளி விஷயத்தில் என் அனுபவம் இது: பத்து ஆட்டத்தில் இரண்டு மூன்றாவது நீங்கள் எடுக்கக்கூடிய ஆளாகப் பாருங்கள். ஒன்றுகூட எடுக்க முடியாத ஆளோடு ஆடினால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் மிச்சம். காசு வைத்து ஆடவே வேண்டாம். பயம் வந்தால் கை பழைய அடிக்கே திரும்பிவிடும். நண்பர்களையும் விட்டுவிடாதீர்கள், புதிதாகப் பழகிய அடியைக் கூச்சமில்லாமல் முயன்று பார்க்க அவர்கள்தான் சரி.

தோற்றதும் கியூவை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு அடியை மட்டும் திரும்ப வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்ட அன்றைக்கு அந்த அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, ஒவ்வொரு பந்தையும் அது இருந்த இடத்திலேயே எடுத்து வைத்தார். எனக்கு அதில் ஒன்றின் இடம்கூட நினைவில்லை.