மழலையருக்கு ஆக்சிலரோமீட்டர் கட்டுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: 3 வயதுக் குழந்தைக்கு ஆக்சிலரோமீட்டரை, அதாவது உடல் அசைவை அளக்கும் சிறு கருவியை, கையில் கட்டுவதா, இடுப்பிலா?

பதில்: ஓட்டமும் நடையும் இடுப்பில்தான் தெளிவாகப் பதியும். வலது இடுப்பெலும்புக்கு மேலே, எலாஸ்டிக் பெல்ட்டில், சட்டைக்குள் கட்டுங்கள். கண்ணில் படாவிட்டால் குழந்தை நோண்டாது. பெல்ட் தொளதொளத்தால் கருவி தனியாகக் குலுங்கும். மணிக்கட்டில் கட்டினால் கழற்றாமல் இருப்பார்கள், ஆனால் உட்கார்ந்து வண்ணம் தீட்டுவதும் அசைவாகிவிடும். லேசான, மிதமான, தீவிர இயக்கத்தைப் பிரிக்க இடுப்புக்கு வகுத்த வரம்பு மணிக்கட்டுத் தரவுக்குச் செல்லாது.

கேள்வி: எபாக்கை, அதாவது அசைவுகளைக் கூட்டிப் பதியும் கால இடைவெளியை, 60 வினாடி வைத்தேன். நாள் முழுக்க ஓடிய குழந்தைக்கு மிதமான, தீவிர இயக்கம் கிட்டத்தட்டப் பூஜ்யம். கருவி பழுதா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது. சிறு பிள்ளைகள் சில வினாடி பாய்ந்து ஓடுவார்கள், நிற்பார்கள், மறுபடி ஓடுவார்கள். ஆக்டிகிராஃப் என்ற ஆக்சிலரோமீட்டருக்கு, மிதமான இயக்கம் தொடங்கும் இடமாக பேட் என்ற ஆய்வாளரின் குழு வைத்த வரம்பு 15 வினாடிக்கு 420 கவுண்ட் (கருவி தரும் அசைவு எண்ணிக்கை), அதாவது நிமிடத்துக்கு 1680. ஒரு குழந்தை 15 வினாடியில் 900 எடுத்து, அடுத்த 45 வினாடியில் 150 மட்டும் எடுத்தால் மொத்தம் 1050. 60 வினாடி எபாக்கில் அந்த ஓட்டம் காணாமல் போகும். 15 வினாடி எபாக்கில் பதிவாகும். 15 அல்லது 5 வினாடி வையுங்கள். சிறிய எபாக்கைப் பிறகு கூட்டலாம், பெரியதைப் பிரிக்க முடியாது. முடிந்தால் எபாக்காகக் கூட்டாத மூலத் தரவையே சேமியுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் கட்ட வேண்டும்?

பதில்: 7 நாள் கொடுங்கள். ஒரு விடுமுறை நாள் உட்பட போதிய நேரம் கட்டியிருந்த 3 அல்லது 4 நாள் தேறினால் போதும்.

கேள்வி: மதியத் தூக்கத்தை மென்பொருள் 'கழற்றியது' என்கிறதே?

பதில்: தொடர்ந்து 20 நிமிடம் பூஜ்யம் வந்தால் கழற்றியதாகக் கொள்ளும் விதிதான் காரணம். தூங்கிய, குளித்த நேரங்களைப் பெற்றோர் ஒரு தாளில் குறிக்கட்டும்.

கேள்வி: உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன, நாளுக்கு 180 நிமிட இயக்கத்தை எட்டினார்களா என்று பார்க்கலாமா?

பதில்: 3, 4 வயதுக்கு அதில் 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிர இயக்கமாக இருக்க வேண்டும். வம்பு மீதி 120-ல்; அது லேசான இயக்கமாகவும் இருக்கலாம். அசைவின்மை எங்கே முடிகிறது என்பதற்கு எவன்சன் என்ற ஆய்வாளரின் வரம்பு நிமிடத்துக்கு 100 கவுண்ட், ரைலி என்பவரின் வரம்பு 1100. முதலாவதில் தாராளமாக எட்டும் அதே குழந்தை இரண்டாவதில் தவறலாம். இத்தனை சதவீதக் குழந்தைகள் எட்டினார்கள் என்று சொல்லி, எந்த வரம்பு என்று எழுதாவிட்டால் நான் நம்புவதில்லை.

கேள்வி: சைக்கிள்?

பதில்: இடுப்புக் கருவி குறைத்தே காட்டும். தாளில் குறிக்கச் சொல்லுங்கள்.