இணையத் தகவலைச் சோதிக்கக் கற்பித்தல்

கேள்வி: இணையத் தகவலின் நம்பகத்தன்மையைச் சோதிக்கவும் பள்ளியில் கற்பிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் கற்பிக்க வேண்டும், ஆனால் அந்தப் பொறுப்பைக் கணினி ஆசிரியரின் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்று அறிஞர்களும் கல்லூரி மாணவர்களும் தளத்தின் நேர்த்தியான தோற்றத்தையும் பெயரையும் பார்த்துப் பலமுறை ஏமாந்தார்கள். செய்திகளின் உண்மையைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட தகவல் சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தை முழுதும் படிக்கும் முன்பே வேறு பக்கங்களைத் திறந்து, அதை நடத்துபவர் யார், பிறர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடி, விரைவில் சரியான முடிவுக்கு வந்தார்கள். எதையும் நம்பாதே என்று பயமுறுத்துவது (அதுவும் தவறான பாடமே) இதற்கு ஈடாகாது. வரலாறு, அறிவியல், மொழி வகுப்புகளிலும் இதைப் பழக்கலாம்: வெள்ளப் படம் ஒன்றைக் கொடுத்து, அது முதலில் எப்போது, எங்கே வெளியானது என்பதைப் படத்தேடல் (சொல்லுக்குப் பதில் படத்தையே கொடுத்து இணையத்தில் தேடுவது) வழியாக மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.