உச்சி வெயிலில் குளிரெடுப்பது ஏன்?

கேள்வி: திருச்சியிலிருந்து மதுரைக்குச் சைக்கிளில் செல்வது என் வழக்கம். சென்ற மே மாதம் நண்பகலில் துவரங்குறிச்சியைத் தாண்டியபோது தலை சுற்றியது. கொளுத்தும் வெயிலிலும் கைகள் புல்லரித்துக் குளிரெடுத்தது. வழியெங்கும் தண்ணீர் குடித்தும் ஏன் இப்படி ஆயிற்று? (வாசகர், திருச்சி)

பதில்: வெயிலில் குளிரெடுத்தால் அந்த இடத்திலேயே இறங்கி நிழலுக்குப் போய்விட வேண்டும். உடல் தன் சூட்டைத் தாங்க முடியாமல் திணறுவதன் அடையாளம் அது. மிதிக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே மாறுகிறது. வெளிக்காற்று தோலைவிடச் சூடாகிவிட்ட பிறகு, அந்த வெப்பம் வெளியேற வியர்வை ஆவியாவதைத் தவிர வேறு வழி கிடையாது. எதிர்க்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு வியர்த்தோம் என்பதும் நமக்குத் தெரிவதில்லை. சட்டையின் முதுகில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்புதான் பிறகு அதைக் காட்டுகிறது. நம் வேகத்திலேயே பின்னாலிருந்து காற்று வீசினால் உடலில் காற்றே படாது. மிதிப்பது சுலபமாக இருக்கிறதே என்று மகிழும் அந்த நேரத்தில்தான் சூடு வேகமாக ஏறுகிறது.

மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை வெளியேறக்கூடும், அதனுடன் உப்பும் போகும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் வரை கொண்டுபோய்விடும். உப்பிட்ட நீர்மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை முக்கால் லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடிப்பது தவறு. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஈடுசெய்யப்படாத ஒரு லிட்டர் நீர் என்று கொள்ளலாம்.

ஆனால் எதைக் குடித்தாலும் நண்பகல் வெயிலை வெல்ல முடியாது என்பதை உங்களிடம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். முன்விளக்கும் பின்விளக்கும் பொருத்திக்கொண்டு அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் 10 மணிக்குள் மேலூரை நெருங்கிவிடலாம். தாமதமானால் 11 மணி முதல் 4 மணி வரை நிழலில் படுத்திருங்கள். பயணம் முடியாமல் போனாலும் பரவாயில்லை. கோடையின் முதல் நீண்ட பயணத்துக்கு முன், பத்துப் பதினான்கு நாள்கள் வெயிலில் சிறிது சிறிதாக ஓட்டி உடலைப் பழக்குவதும் அவசியம்.

கேள்வி: உடன் வருபவர் வழியில் மயங்கினால் என்ன செய்வது? (வாசகர், விராலிமலை)

பதில்: பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ வெப்பத்தாக்கு என்றே கருதி 108-ஐ அழையுங்கள். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். கடுமையாக உழைத்தவருக்கு அப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கலாம். ஹெல்மெட்டையும் காலணியையும் கழற்றி, கிடைக்கும் தண்ணீரை எல்லாம் உடல் முழுவதும் ஊற்றி, துண்டால் விடாமல் விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.