வீட்டிலிருந்தே சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு எந்தப் பயிற்சி உண்மையில் கைகொடுக்கும்?

உங்கள் அக்கா ஏற்காட்டில் சீசனுக்கு வருபவர்களிடம் காபித்தூளும் மிளகும் விற்கிறார், இன்ஸ்டாகிராமில் வரும் 'பெண் தொழில்முனைவோர் கோச்சிங்' வகுப்புக்கு 6,000 ரூபாய் கட்டலாமா என்று யோசிக்கிறார் என்று கேள்வியின் விவரத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கடைசி விஷயத்துக்குப் பதில்: வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல எலக்ட்ரானிக் தராசும் கவர் ஒட்டும் மெஷினும் வாங்கிவிடலாம், மிச்சமும் இருக்கும்.

நான் சேலம் தாதகாப்பட்டியில் ஜவ்வரிசி வடகம், வத்தல், பொடி வகைகள் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்பில் கூப்பிட்டால் மற்ற குழுக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லித் தரவும் போவேன். பயிற்சிக் கூடத்தில் பாயில் உட்கார்ந்தும் இருக்கிறேன், போர்டு பக்கம் நின்றும் இருக்கிறேன். என் அனுபவத்தில் நம் பெண்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. ஆட்டையாம்பட்டியில் போய் முறுக்கு சுற்றச் சொல்லிக் கொடுக்கவா முடியும்? தெரியாதது அடக்க விலை போடுவதும், வீட்டுக் காசையும் தொழில் காசையும் பிரித்து வைப்பதும், விலையையும் பாக்கியையும் வாய் திறந்து கேட்பதும்தான். இவற்றைச் சொல்லித் தந்துவிட்டு, அடுத்த மாதம் வீட்டு வாசலுக்கே வந்து "என்னக்கா ஆச்சு?" என்று கேட்கும் ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

அக்காவின் காபித்தூளையே எடுத்துக்கொள்வோம். பச்சைக் கொட்டை கிலோ 400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். விலை வருடத்துக்கு வருடம் மாறும். வறுத்தால் ஈரம் போய் எடை குறையும். வறுப்பைப் பொறுத்துக் கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை போய்விடும். 200 என்றே வைத்தால் கையில் நிற்பது 800 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ தூளுக்கு அடக்கம் 400 இல்லை, 500. வறுகூலி, அரைகூலி, கவர், ஸ்டிக்கர், சேலத்துக்கு இறங்கி ஏறும் பஸ் செலவெல்லாம் இதற்கு மேல். கிலோ 600-க்கு விற்றுவிட்டு "இருநூறு நிக்குது" என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, மேல் செலவு 70 ரூபாய் என்றால், உண்மையில் நிற்பது 30. மிளகிலும் இப்படித்தான்: பச்சை மிளகு ஏறத்தாழ மூன்று கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். மலை ஈரத்தில் சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்தால் அதுவும் போச்சு.

அந்த 30 ரூபாயிலும் அக்காவின் கூலி இன்னும் சேரவில்லை. கூலியையும் எழுதுங்கள் என்றால் வகுப்பில் சிரிப்பார்கள். "நம்ம வேலைக்கு நாமே கூலி போடுறதா?" சரி, நாளைக்கு உங்களுக்கு உடம்பு முடியவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கடையில் உட்கார வைக்கிறீர்கள், எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டால் தொகை டக்கென்று வரும். அதையே எழுதச் சொல்வேன். எழுதியதும் சிலர் முகம் மாறிவிடும். சிலர் அன்றைக்கே விலையை ஏற்றுவார்கள், சிலர் அந்தப் பொருளையே விட்டுவிட்டு வேறு பொருளுக்குப் போவார்கள். இரண்டுமே நல்ல முடிவுதான்.

சீசன் கணக்கும் இதில் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் என் மொட்டை மாடியில் ஒரு வடகம் காயாது. அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவை வெயில் காலத்து விலைக்குள் நான் வைத்தாக வேண்டும். ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் இருக்கும்போது கல்லா நிறையும், மழை தொடங்கியதும் வார நாட்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மே மாத வருமானத்தை மே மாதத்திலேயே செலவழித்தால் ஆடியில் நகையைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைக்க வேண்டிவரும்.

அடுத்து காசைப் பிரிப்பது. கல்லாவில் கை வைப்பது வெளியாள் இல்லை, நம் வீட்டு ஆட்கள்தான். பெட்ரோலுக்கு 100, பிள்ளைக்குச் சார்ட் பேப்பர், மாமியாருக்கு மாத்திரை. எதுவும் வீண் செலவில்லை, அதனால்தான் மறுக்க முடிவதில்லை. மாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா எங்கள் பகுதியில் இரண்டு டப்பா வைத்திருக்கிறார். விற்ற காசு முழுக்கப் பச்சை டப்பாவுக்குப் போகும். சனிக்கிழமை மட்டும் அதிலிருந்து தனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துச் சிவப்பு டப்பாவில் போடுவார். வீட்டில் யார் கேட்டாலும் சிவப்பு டப்பாதான். அது காலியானால் "சனிக்கிழமை வரட்டும்" என்பார். வீட்டுக்காரர் முதலில் முறைத்தாராம், இப்போது அவரே பிள்ளைகளிடம் "அது கடைக் காசு, தொடாதே" என்கிறார்.

இது ஏதோ எங்கள் தெரு வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். டொமினிக்கன் குடியரசில் சிறுகடன் வாங்கித் தொழில் செய்பவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிலருக்கு முறையான கணக்குப் பதிவியல் வகுப்பு, வேறு சிலருக்கு வீட்டுக் காசையும் தொழில் காசையும் தனித்தனியாக வைப்பது போன்ற எளிய பழக்கங்கள் மட்டும். முறையான வகுப்பால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. எளிய பழக்கங்களைக் கற்றவர்களின் கணக்கு சீரானது, மந்தமான வாரங்களில் விற்பனையும் அவர்களுக்கு மேலாக இருந்தது. பற்று, வரவு, பேரேடு என்று மூன்று நாள் நடத்தும் வகுப்பில் ஏன் எல்லோரும் கொட்டாவி விடுகிறார்கள் என்பது அதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

வாய் திறப்பது மூன்றாவது. மளிகைக் கடையில் சரக்கை இறக்கினால் "வித்ததும் தரேன்மா" என்பார்கள். விற்றுவிடும், காசு வராது. நான் சின்ன நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். தேதி, எத்தனை பாக்கெட், எவ்வளவு தொகை, கடைக்காரர் கையெழுத்து. பழைய பாக்கி தந்தால்தான் புதுச் சரக்கு. ஒரு கடையை இதனால் இழந்தேன், அந்தக் கடை போனதில் எனக்கு வருத்தமே இல்லை. கையெழுத்துக் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று பல பெண்கள் தயங்குகிறார்கள். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான கடைக்காரர்கள் யோசிக்காமல் போட்டுக் கொடுப்பார்கள். கம்பெனிச் சரக்கு வந்தால் தினமும் போடுகிறவர்கள்தானே.

பேரம் பேசுவதை வகுப்பில் நடித்துப் பழக வேண்டும், கேட்டால் மட்டும் வராது. ஒருவர் பெங்களூர் வண்டியில் வந்தவர், இன்னொருவர் கடைக்காரர். "கீழே சேலத்துல இதைவிடக் கம்மியா கிடைக்குதே?" என்று கேட்டால் முதல் தடவை எல்லோரும் உடனே 20 ரூபாய் குறைப்பார்கள். பிறகுதான் "கிடைக்கும் சார். இது இந்த வாரம் வறுத்தது, மோந்து பாருங்க" என்று பாக்கெட்டை நீட்டவும், நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்கவும் வரும். பேசாமல் நிற்பதுதான் கஷ்டம்.

இதையெல்லாம் யார், எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறுதொழில்களை வைத்து நடத்திய ஆய்வு 2017-இல் வந்தது. தானாக முன்வந்து வாய்ப்பைத் தேடுவது, தடங்கல் வந்தாலும் விடாமல் தொடர்வது, மற்றவர்கள் விற்காத பொருளாக யோசிப்பது என்று மனப்போக்கைப் பழக்கிய பயிற்சி அது. வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் மாதம் ஒருமுறை என்று நான்கு மாதம் ஒவ்வொருவரின் தொழிலிடத்துக்கும் போனார். அந்தப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது, பெண்களுக்கு 40. வழக்கமான வணிகப் பயிற்சியில் வந்த 11 சதவீதம், பயிற்சியால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு, அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களுக்கான கூட்டுறவு வங்கியான சேவா வங்கியின் வாடிக்கையாளர்களிடம் நடந்தது. இரண்டே நாள் பயிற்சி. பாதிப் பேரைத் தனியாக வரச் சொன்னார்கள், மீதிப் பேரை ஒரு தோழியோடு வரச் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், தோழியோடு வந்தவர்கள்தான் தொழிலுக்குக் கடன் வாங்கி, வேலையைப் பெருக்கி, வீட்டு வருமானத்தையும் உயர்த்தியிருந்தார்கள். வெளியே போக வர வீட்டில் கெடுபிடி அதிகமுள்ள பெண்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். எங்கள் ஊரிலும் தனியாக வந்த பெண் இரண்டாம் நாள் வரமாட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வந்தவர் வந்துவிடுவார்; "அவ போறா, நானும் போறேன்" என்றால் வீட்டில் பேச்சு வராது.

தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-இல் பக்கத்து மாவட்டமான தருமபுரியில்தான் தொடங்கியது. அதிலிருந்து சேமிக்கவும் தவணை கட்டவும் நன்றாகக் கற்றுக்கொண்டோம். ஆனால் குழுக் கூட்டத்தில் தவணை வசூலாகிவிட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், யாருக்கு எது விற்றது என்று பேச்சே வராது. அதைப் பேச ஒரு கால் மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். கடன் கொடுக்க வருபவர் நடத்தும் 'பயிற்சி'யை மட்டும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். மத்தியானத்துக்குள் அது வாரத் தவணைப் பேச்சாகிவிடும்.

இலவசமாகப் போக நல்ல இடம், வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். சேலத்தில் இந்தியன் வங்கி நடத்துகிறது. பயிற்சியோடு சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், முடித்தவர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைச் சொல்லி, பயிற்சிக்குப் பிறகு யார் வந்து பார்ப்பார்கள் என்று முதல் நாளே கேட்டுப் போன் நம்பரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

காகித வேலை பெரிதாக ஒன்றுமில்லை. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் ஆதாரும் பான் கார்டும் வைத்து முடித்துவிடலாம், புரோக்கருக்கு 1,000, 2,000 கொடுக்காதீர்கள். சிறிய அளவில் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பதிவு போதும், கட்டணமும் கொஞ்சம்தான். தூளில் சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது.

அக்கா பயிற்சிக்குப் போவதென்றால் கூட்டம் குறையும் மழை மாதங்களில் போகட்டும், பக்கத்துக் கடைப் பெண் யாரையாவது கூட்டிக்கொண்டு. விற்பனைக் கணக்கு நோட்டை மட்டும் இந்த சீசனிலேயே தொடங்கிவிடச் சொல்லுங்கள். தை வாக்கில் புதுக் கொட்டை எடுக்கும்போது, போன சீசனில் எந்த வாரம் எத்தனை கிலோ போனது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.